கண்ணாடிப் பெட்டியில் சித்தப்பா

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். நீ சுகமா என்று இந்த ஒரு கடிதத்தில் மட்டும் கேட்கமாட்டேன், அவ்வளவு கோபத்தில் இருக்கிறேன்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால், கீழ் வீட்டுத் தையற்காரர் வாசலிலேயே மடக்கிக்கொண்டார். "உங்க தம்பி வந்துட்டுப் போனாரு. சித்தப்பாவை விட்டுட்டுப் போயிருக்காரு. நல்ல கனம், என்னால மாடிக்குத் தூக்க முடியலை" என்றார். சித்தப்பாவை இவர் எதற்குத் தூக்க வேண்டும் என்று பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். வெட்டுத்துணிக் குவியலுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி, உள்ளே உன் தாடி ஓணான். கோபம் வந்தால் கழுத்து புடைத்துத் தாடி கறுக்கிறது என்பதற்காக, அப்பா கூடப் பிறந்தவரின் உறவுமுறையை அதற்கு வைத்திருக்கிறாய்.

"தீவில் பிராணி வளர்க்கக் கூடாதாம், ஒரு வருஷம் பார்த்துக்கொள் அக்கா" என்று சீட்டு வேறு. முன்னாலேயே கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். அது தெரிந்துதான் நான் வேலையில் இருக்கிற நேரமாகப் பார்த்து வந்துவிட்டுப் படகு ஏறிவிட்டாய்.

பஸ்ஸில் கம்பியை முழங்கையால் பிடிக்கிறவள் நான். வெளியில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. யார் கையையும் தொட்டு வருஷக் கணக்காகிறது, உன் கை உட்பட. ஊர்கிற பிராணிகளின் வயிற்றில் என்னென்ன கிருமி குடித்தனம் நடத்தும் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆபரேஷன் கருவிகளை நாளெல்லாம் நீராவியில் வேகவைப்பதுதானே என் பிழைப்பு.

ஒரு மாதம் பார்ப்பேன். முடியவில்லை என்றால் நீ வாங்கின கடையிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவேன். பிறகு அவர்கள் யாருக்கு விற்றார்கள் என்று என்னைக் கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 20

பாசமுள்ள அக்காவுக்கு,

திட்டு கிடைத்தது, சந்தோஷம். திட்டுகிற தெம்பு இருக்கிறதென்றால் நீ சுகம்தான். நானும் சுகம்.

நான் செய்தது தப்புதான். வேறு யாரிடம் விடுவேன் சொல். நண்பர்கள் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். நீ திட்டிக்கொண்டே செய்வாய், ஆனால் ஒருநாளும் மறக்கமாட்டாய்.

இங்கே வானிலை நிலையத்துக்கு மின்சாரம் தருகிற இரண்டு ஜெனரேட்டர்களுக்கும் நான்தான் தாய், தகப்பன். ஒன்று இருமினால் மற்றது தும்முகிறது. ஃபோன் கிடையாது. இருக்கிற ரேடியோவிலும் காற்றையும் மழையையும் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது என்று அதை இயக்குகிற பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மாதம் இரண்டு முறை வருகிற தபால் படகுதான் நமக்குக் கதி.

சித்தப்பாவுக்குப் பகலெல்லாம் விளக்குச் சூடு வேண்டும். கீரை நறுக்கிப் போடு. இரண்டு நாளைக்கு ஒருமுறை உயிருள்ள வெட்டுக்கிளி, கடைக்காரர் டப்பாவில் தருவார். அசையாததை அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். எப்போதாவது ஒரு கையை மெதுவாகத் தூக்கி ஆட்டுவார். பயந்துவிடாதே, அது கும்பிடு மாதிரி.

நேரத்துக்குச் சாப்பிடு அக்கா.

தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். உன் ஜெனரேட்டர்களின் சளி எப்படி இருக்கிறது? உன் பிராணி சுகம் என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வெட்டுக்கிளிகளை அப்படியே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவை எங்கே பிறந்து எதை மிதித்தனவோ. அதனால் கிருமிநாசினி சோப்புத் தண்ணீரில் அலசினேன். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. உலகத்தில் இவ்வளவு சுத்தமாக எந்த வெட்டுக்கிளியும் செத்திருக்காது.

ஒரு கைக்கு இரண்டு கையுறை போட்டுக்கொண்டு, நீள இடுக்கியால்தான் கீரை வைக்கிறேன். தண்ணீர்க் கிண்ணத்தைப் பிரஷர் குக்கரில் வைத்து நான்கு விசில் விடுகிறேன். பெட்டியைக் காலையும் மாலையும் ஆஸ்பத்திரி மருந்து போட்டுத் துடைக்கிறேன். பிறகு கை கழுவுவேன், குழாயை மூடுவேன். மூடின குழாயைத் தொட்டுவிட்டோமே என்று மறுபடி கழுவுவேன். உனக்குத்தான் தெரியுமே.

இவ்வளவு செய்தும் அது சாப்பிடவில்லை. கண்ணை மூடி, தாடியைக் கறுப்பாக வைத்துக்கொண்டு மூலையில் கிடக்கிறது. விளக்குக்குக் கீழேகூட வருவதில்லை. ஒரு மாதம் ஆகிவிட்டது. கடைக்குக் கொண்டுபோகப் பையை எடுத்தேன். சாகக் கிடப்பதைக் கொண்டுபோய் விடுவதற்கு எனக்கு என்னவோபோல் இருக்கிறது.

உடனே பதில் போடு. உன் உடம்பு எப்படி?

அக்கா


மார்ச் 24

பாசமுள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அவரும் எப்படியோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. படகு அரை மணி நேரம்தான் நிற்கும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் கால்நடை டாக்டர் ஒருவர் இருக்கிறார், ஊர்வனவும் பார்ப்பார். தயவுசெய்து கொண்டுபோய்க் காட்டு. கூடை போதும், நீ தொடவே வேண்டாம். சித்தப்பா பிழைக்கவில்லை என்றாலும் உன்மேல் எனக்குக் கோபம் வராது. பிழைத்தால் நல்லது.

தம்பி


ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் நல்ல செய்தி. சித்தப்பா சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். நீ சாப்பிட்டாயா?

உன் கடிதம் வருவதற்கு முன்பே டாக்டரிடம் போய்விட்டேன். கூடையைத் திறந்ததும் அந்த அம்மா மூக்கைச் சுருக்கினார். "என்னம்மா, ஓணானைக் கொண்டு வந்தீங்களா, ஆபரேஷன் தியேட்டரைக் கொண்டு வந்தீங்களா?" என்றார். மருந்து நெடி அதற்கு ஆகாதாம், அதனால்தான் சோறு தண்ணி இறங்காமல் கிடந்ததாம். தூக்கிவாரிப் போட்டது எனக்கு. கிருமி கொல்லவில்லை, நான்தான் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

நானும் விடவில்லை. "இதன் வயிற்றில் கிருமி இருக்குமா, இருக்காதா? மழுப்பாமல் சொல்லுங்கள்" என்று கேட்டேன்.

"இருக்கும். அது பாட்டுக்கு இருக்கும், அதுக்கு ஒண்ணும் பண்ணாது. நீங்க தொட்டா சோப்புப் போட்டு நல்லா ஒரு தடவை கழுவுங்க. அதோட சாமானை அடுப்படியில கழுவாதீங்க, முத்தம் கொடுக்காதீங்க, கைக்குழந்தை பக்கத்துல விடாதீங்க. அவ்வளவுதான்."

"ஒரு தடவைதானா?"

"ஒரு தடவைதான். அதுக்கு மேல கழுவினா இப்படித்தான்" என்று என் கையைக் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்து கிடந்தது. "கிருமிக்கு வாசல் தேடித் தர்றதே இந்த வெடிப்புதான். ஓணானுக்கு மருந்து வேண்டாம், உங்களுக்குத்தான் வேணும்" என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் கருவி மூட்டைமேல் ஒரு டேப் ஒட்டுவோம். நீராவி போதுமான அளவு பட்டால் அதில் இருக்கிற கோடுகள் கறுத்துவிடும். கறுத்தால் வேலை முடிந்தது, யாரும் சந்தேகப்படமாட்டார்கள். வீட்டில் எனக்கு அப்படி ஒன்று இல்லை. எவ்வளவு கழுவினாலும் போதும் என்று சொல்ல ஆள் இல்லை. இப்போது ஒருமுறை கழுவுகிறேன், களிம்பு பூசுகிறேன். பூசிவிட்டால் டேப்பில் கோடு கறுத்துவிட்டது என்று அர்த்தம். முதல் இரண்டு நாள் பக்கத்து அறையில் போய் உட்கார்ந்து கையைத் தொடையோடு அழுத்திக்கொண்டிருந்தேன். நான்கைந்து முறை தோற்றும் போனேன்.

பெட்டியை வெறும் தண்ணீரில் துடைத்தேன். மறுநாளே விளக்குக்குக் கீழே வந்து படுத்தார். இடுக்கியில் நீட்டின வெட்டுக்கிளியை நாக்கால் வெடுக்கென்று பிடுங்கினதில் இடுக்கியைக் கீழே போட்டுவிட்டேன்.

வெயிலில் அலையாதே.

அக்கா


ஏப்ரல் 28

பாசமுள்ள அக்காவுக்கு,

சுகமோ சுகம். உன் கடிதங்களை நிலையத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். வெட்டுக்கிளிகள் சுத்தமாகச் செத்த கதையைக் கேட்டு ரேடியோப் பெண் சிரித்த சிரிப்பில் மழை அறிக்கை பத்து நிமிஷம் தாமதமாகப் போனது.

போன மாதம்வரை "அது" என்று எழுதினாய், இப்போது சித்தப்பா சாப்பிட்டார், படுத்தார் என்கிறாய். சரி சரி, நான் எதுவும் சொல்லவில்லை.

நீ டாக்டரிடம் அப்படி நேராகக் கேட்டது பெரிய விஷயம் என்று ரேடியோப் பெண் சொன்னாள். அவளுக்கு ஆழத் தண்ணீர் என்றால் பயமாம். தீவில் வந்து வேலை பார்க்கிறாள் பார்.

கைக்குக் களிம்பு மறக்காதே. சித்தப்பாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். உன் நலம் அறிந்தேன். ஒரு கடிதத்தில் மூன்று இடத்தில் வருகிற ரேடியோப் பெண்ணின் நலமும் அறிந்தேன்.

கேட்டுக்கொள், ஒரு விஷயம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் மணல் மாற்றிக்கொண்டிருந்தேன். வலது கையுறை கிழிந்துவிட்டது. வேறு எடுக்கலாம் என்று எழுந்திருப்பதற்குள் அவர் நிதானமாக நடந்து வந்து என் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். உதறினால் விழுந்து அடிபடுவார், அதனால் உதற முடியவில்லை. வயிறு வெதுவெதுப்பாக இருந்தது. தாடி முள்ளெல்லாம் வெறும் பாவலாவாம், ரப்பர் மாதிரி வளைகிறது. இத்தனை வருஷமாகக் கையில் உயிருள்ளது எதுவும் உட்கார்ந்ததில்லை என்று அப்போதுதான் தோன்றியது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ, அடுப்பில் வைத்த பால் தீய்ந்துபோயிற்று.

பிறகு ஒருமுறை கழுவினேன். களிம்பு பூசினேன்.

தையற்காரர் மத்தியானம் வந்து விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார், ஒரு சாவி அவரிடம் கொடுத்திருக்கிறேன். நீ பிப்ரவரியில் வருவாய் என்றாய், அவசரமில்லை. வேலை முக்கியம். இவருக்கும் இடம் மாறினால் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொன்ன மாதிரி ஞாபகம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு படகு வந்தும் உன்னிடமிருந்து கடிதம் இல்லை. சுகமா, இல்லையா? ஒரு வரி போட்டால் போதும். காய்ச்சல் என்றால் மறைக்காதே. கை உடைந்திருந்தால் அந்த ரேடியோப் பெண்ணை எழுதச் சொல்.

நாங்கள் சுகம்.

அக்கா


ஜூலை 4

பாசமுள்ள அக்காவுக்கு,

நான் சுகம். எழுதாததற்கு மன்னித்துக்கொள். நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

எனக்கு இங்கே வேலையை இன்னும் மூன்று வருஷம் நீட்டித்திருக்கிறார்கள். நானும் சரி என்றுவிட்டேன். காரணம் அப்புறம் சொல்கிறேன். ஒரு வருஷம் என்று சொல்லி உன் தலையில் கட்டியதே அநியாயம், நான்கு வருஷம் என்றால் பாவம். நீ திட்டாமல் பார்த்துக்கொள்வாய் என்பதால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அதனால் பிராணிக் கடைக்காரருக்கு எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்து எடுத்துக்கொள்வார். நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். உனக்கு இனி அந்தப் பயம் வேண்டாம் அக்கா.

உடம்பைக் கவனி.

தம்பி


ஜூலை 15

தம்பிக்கு,

சுகமா என்று முதலில் கேட்டுவிடுகிறேன். இதைப் படித்து முடித்த பிறகு நீ சுகமாக இருக்கமாட்டாய்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால் மாடி அறையில் பெட்டி இருந்த இடம் காலி. தையற்காரர் ஊசியை வாயில் வைத்துக்கொண்டே, "கடைக்காரர் வந்தாரு, உங்க தம்பி லெட்டரைக் காட்டினாரு, எடுத்துக் கொடுத்தேன். உங்களுக்கு நிம்மதியா இருக்கும்னு நினைச்சேன்" என்றார். உன் கடிதம் கதவிடுக்கில் கிடந்தது. படித்தேன். செருப்புகூட மாற்றவில்லை, கிளம்பிவிட்டேன்.

நீ அந்தக் கடைக்குப் போயிருக்கிறாய். நான் வாசலோடு சரி. டாக்டரிடம் போகவே ஒரு வாரம் மனதைத் தேற்றிக்கொண்டவள். உள்ளே கூண்டுக்குமேல் கூண்டு. இறகு பறக்கிறது, எலிக்கூண்டு நாறுகிறது, தரையெல்லாம் ஈரம். வாசலில் ஒரு நிமிஷம் நின்றேன். அப்புறம் பற்களைக் கடித்துக்கொண்டு நுழைந்தேன்.

உன் சித்தப்பாவை வேறு மூன்று ஓணான்களோடு ஒரே தொட்டியில் போட்டிருந்தார்கள். நான்கும் அச்சு அசல் ஒன்றுபோல. "உங்களது எதும்மா? எனக்கே குழம்புது" என்றார் கடைக்காரர். மூன்று சும்மா கிடந்தன. ஒன்று மட்டும் கழுத்தைப் புடைத்து, தாடி கறுத்து, கடைக்காரரையே முறைத்துக்கொண்டிருந்தது. நம் குடும்பத்து ஆள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

கையுறை இல்லை, இடுக்கி இல்லை. கையை விட்டு எடுத்தேன். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்ததும் தாடி வெளுத்தது.

கண்ணாடிப் பெட்டியை மறுநாள் அனுப்புவதாகச் சொன்னார். அதுவரை? வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதை என்று பிறரைக் கேலி செய்திருக்கிறேன். நானே முந்தானையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். ஒரு கை அவர்மேல், மறு கை கம்பியை முழுசாகப் பிடித்திருந்தது. பக்கத்து அம்மா, "என்னம்மா மடியில நெளியுது?" என்றார். "சித்தப்பா" என்றேன். அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு தடவை கை கழுவினேன். களிம்பு பூசினேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன்.

டேய், என் பயம் என்னுடையது. அதைச் சாக்காக வைத்து நீ எனக்காக முடிவெடுக்காதே. அவர் என் வீட்டில் இருப்பார், இந்த வீடு அவருக்கும் வீடு. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும், வெட்கமாக இருந்தது, எழுதவில்லை.

சரி, நீ எதற்கு அங்கேயே இருக்கிறாய்? அதைச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 1

பாசமுள்ள அக்காவுக்கு,

நீயும் சித்தப்பாவும் சுகம் என்று தெரிந்து நிம்மதி. நான் ஏன் சுகமாக இல்லை என்று இந்தக் கடிதத்தில் தெரியும்.

தப்பு என்னுடையதுதான். உனக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, உன்னைக் கேட்கவே இல்லை. இரண்டாம் தடவையாக.

காரணம் நீ கண்டுபிடித்துவிட்டதுதான். ரேடியோப் பெண்ணும் நானும் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறோம். செப்டம்பர் கடைசியில், இங்கே சாப்பாட்டுக் கூடத்திலேயே. மாலை மாற்றிக் கையெழுத்துப் போட்டுச் சாப்பிடுவோம், அவ்வளவுதான். உன்னிடம் சொல்லத்தான் நான்கு கடிதம் கிழித்தேன். சொன்னால் வா என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் உன்னால் வர முடியாமல் நீ தவிப்பாயே என்று பயந்தேன்.

இப்போது கூப்பிடுகிறேன். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படகில் ஐம்பது பேர் ஒட்டிக்கொண்டுதான் வர வேண்டும். இங்கே எல்லோருக்கும் ஒரே குழாய், ஒரே கழிப்பறை. இறங்குகிற பலகை ஆடும், யாராவது கை கொடுத்தால்தான் இறங்க முடியும். நீ வராவிட்டால் எனக்குக் கோபம் இல்லை. நிஜமாக இல்லை. ஆனால் என் பக்கத்து ஆள் என்று இங்கே யாரும் இல்லை அக்கா.

தம்பி


ஆகஸ்ட் 18

அன்புள்ள தம்பிக்கு, கூடவே இதைப் படிக்கிற அவளுக்கும்,

இருவரும் நலமாக இருங்கள். நான் நலம். ஆஸ்பத்திரியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். தலைமை நர்ஸ், "நீயா, படகுலயா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சித்தப்பாவைத் தையற்காரர் பார்த்துக்கொள்கிறார். இந்த முறை யார் வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டாராம். நானே திரும்பி வந்து கேட்டாலும் யோசித்துத்தான் கொடுப்பாராம். அந்த மனுஷனுக்கு அவ்வளவு குற்ற உணர்ச்சி. வெட்டுக்கிளியை அலசக் கூடாது என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பயம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இந்த வாரம் இரண்டு ராத்திரி அந்த ஒரே குழாய் கனவில் வந்தது. பயமும் என் கூடவே டிக்கெட் எடுத்துக்கொண்டு வரும், அதற்கும் ஒரு இடம் பிடித்து வை. பையில் ஒரு சோப்பு, ஒரு டப்பா களிம்பு. அதற்கு மேல் எதுவும் எடுத்துவரப் போவதில்லை.

இனி அவளுக்கு. ஆழத் தண்ணீர் என்றால் உனக்குப் பயம் என்று இவன் எழுதியிருந்தான், அம்மா. அப்படியானால் படகு வரும்போது துறையின் ஓரத்தில் வந்து நிற்க உனக்குக் கால் நடுங்கும். எனக்குப் பலகையில் நடுங்கும். சாமான்களை இவன் தூக்கட்டும், அதற்குத்தான் லாயக்கு. நீ வந்து நின்று கையை நீட்டு. நான் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா